எங்கள் ஊர்த் தெருக்களுக்குப் போரில் இறந்தவர்களின் பெயரைச் சூட்டலாமா?

கேள்வி – குடவாசல் பக்கத்து வாசகர்

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் குடவாசலை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் 1971ஆம் ஆண்டுப் போரில் இறந்தார். மற்றவர் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குச் சென்று 1987இல் யாழ்ப்பாணத்தில் இறந்தார். இருவருடைய வீடுகளையும் இன்றும் 'பட்டாளத்தார் வீடு' என்றுதான் அடையாளம் சொல்கிறோம். ஆனால், நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் அவர்களுடைய பெயரைச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. எனவே, வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் வடக்குத் தெருவுக்கும் மேலத் தெருவுக்கும் அவர்கள் பெயரைச் சூட்டும்படி தீர்மானம் கொண்டுவர நாங்கள் சிலர் எண்ணினோம்.

பேச்சைத் தொடங்கியதுமே சிக்கல் வந்துவிட்டது. வடக்குத் தெரு என்ற பெயர் பாட்டன் காலத்திலிருந்து பத்திரத்திலும் வரி ரசீதிலும் இருக்கிறது, அதை ஏன் தொட வேண்டும் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அமைதிப்படையில் இறந்தவருக்கு மரியாதை செய்வது முறையா என்று ஒருவர் கேட்டார். எல்லாவற்றையும்விட, ஒரு தெருக்காரரின் பெயரை இன்னொரு தெருவுக்கு வைப்பதா என்று மெல்லிய குரலில் எழுந்த கேள்விதான் என்னை உறுத்துகிறது. அதன் பொருள் என்ன என்பதை டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி – முன்னாள் படைவீரர், மன்னார்குடி

தம்பி, தீர்மானத்துக்கு முன்பு விவரத்தைச் சேகரியுங்கள். இருவருடைய படை எண், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், இறந்த இடம் ஆகியவற்றைக் குடும்பத்தாரிடம் உள்ள ஆவணங்களிலிருந்து எழுதிக்கொண்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சரிபாருங்கள். மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர் என்றால் வெலிங்டனுக்கும், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் எழுதிக் கேட்கலாம். ஊரில் சொல்லப்படும் பதவியை அப்படியே பலகையில் ஏற்றிவிடாதீர்கள். சிப்பாயாக இறந்தவரை ஊர்ப்பேச்சு காலப்போக்கில் கேப்டன் ஆக்கிவிடும். சிப்பாய் என்று எழுதுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

அமைதிப்படை பற்றிய கேள்விக்கு என் பதில் இது. 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணத்தை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். ஆனால், எந்த நாட்டுக்குப் போவது என்று சிப்பாய் முடிவு செய்வதில்லை. அங்கே இறந்த நம் வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 2019இல் டெல்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் அவர்களுடைய பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கொழும்பை ஒட்டி இலங்கை அரசே அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறது. அப்படியிருக்க, சொந்த ஊர் மட்டும் தயங்குவது சரியாக எனக்குப் படவில்லை. பலகையில் 'யாழ்ப்பாணம், 1987' என்று மறைக்காமல் எழுதுங்கள்.

மறுமொழி – கல்வெட்டு ஆர்வலர், திருச்சி

எங்கள் ஊர்க் காந்தி மார்க்கெட்டில் முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. இந்நகரிலிருந்து 302 பேர் போருக்குச் சென்றார்கள், அவர்களில் 41 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. அந்தக் காலத்தில் ஆங்கில அரசு ஊர்தோறும் வைத்த கல்வெட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்கு மட்டும் சொல்கின்றன. ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவிடத்திலும் பிரிட்டிஷ் வீரர்களைப் பெயர் சொல்லிப் பொறித்தவர்கள், இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையில் அடக்கிவிட்டார்கள். காய்கறி மூட்டைகளுக்கு நடுவே அந்தச் சின்னத்தைக் கடக்கும்போதெல்லாம், அந்த 41 பேருடைய பேரப்பிள்ளைகளில் எவரேனும் அது தம் பாட்டனுக்காக வைத்தது என்று அறியாமலேயே அங்கே வெங்காயம் வாங்கிக்கொண்டிருப்பார் என்று தோன்றும்.

நடுகல்லில் வீரனின் பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி, வழிதோறும் நட்டதாகச் சங்கப் பாடல் சொல்கிறது. பெயரை மட்டுமன்றி அவன் செய்ததையும் எழுதினார்கள் என்பதையும், ஆட்கள் நடக்கும் வழியில் நட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். பெயர்ப்பலகை வைப்பவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். கார்கில் போரில் 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் உயிர்நீத்து வீர் சக்ரா பெற்ற மேஜர் சரவணனை எங்கள் நகரம் மறக்காமல் இருப்பதற்கு, கண்டோன்மெண்டில் பலரும் கடந்துபோகும் இடத்தில் அவருடைய நினைவிடம் அமைந்திருப்பது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

மறுமொழி – ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தர், கும்பகோணம்

பத்திரம், பட்டா, ஆதார், வாக்காளர் பட்டியல் என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்ட தெருப்பெயரை மாற்றினால், அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள்தான் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். அந்த எரிச்சல் கடைசியில் இறந்தவர்மீது திரும்பும். அதுவன்றி, வைத்த பெயர் வாயில் நிற்கும் என்பதற்கும் உறுதி இல்லை. நாகை மாவட்டம் 1991இல் பிரிக்கப்பட்டபோது காயிதே மில்லத் பெயரைத் தாங்கியிருந்தது. 1997இல் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டபோது அதுவும் போயிற்று. அப்போதே பெயர் போன சோழன் போக்குவரத்துக் கழகத்தை மட்டும் எங்கள் வயதுக்காரர்கள் இன்னும் 'சோழன் பஸ்' என்கிறோம். அரசாணை வைப்பதும் நாக்கு வைத்துக்கொள்வதும் வேறு வேறு.

ஆகவே பெயரில்லாத ஒன்றுக்குப் பெயர் வையுங்கள். உங்கள் ஊரில் ஆற்றுப்பாலம் இருக்கும், அதைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சாலை போகும், பேருந்து நிற்கும் ஓர் இடம் இருக்கும். இவை எந்தத் தெருவுக்கும் சொந்தமல்ல. நீங்கள் மெல்லிய குரல் என்று குறிப்பிட்டது இங்கே எழாது. அவரவர் தெருவிலேயே வைத்தால்தான் அந்த வீரர் அந்தத் தெருக்காரர்களின் சொத்தாகிவிடுவார். பெயரோடு சாதிப் பின்னொட்டு எதையும் சேர்க்காதீர்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா ஊராட்சியுடையதா என்று முதலில் தெரிந்துகொண்டு, தீர்மான நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரை அணுகி, மேற்கொண்டு யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பதை எழுத்திலேயே கேளுங்கள். ஆகஸ்ட் தவறினால் அக்டோபர் 2 இருக்கிறது.

இன்னொன்று: உபயதாரர் பெயர் வேண்டாம். கோயில் குழல்விளக்கில் உபயம் எழுதி வெளிச்சத்தையே மறைக்கும் ஊர் நம்முடையது.

மறுமொழி – வீரரின் மகள், பட்டுக்கோட்டை

என் தந்தையின் பெயரில் எங்கள் பகுதியில் ஒரு தெரு இருக்கிறது. வைத்த ஆறே மாதத்தில் அது முதலெழுத்துகளாகச் சுருங்கிவிட்டது. தியாகராய நகர் தி.நகர் ஆனதைப் போலத்தான். கூரியர் கொண்டுவருபவர் அந்த இரண்டு எழுத்தைச் சொல்லி வழி கேட்கும்போது, அது யார் என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. திறப்பு விழாவில் என் தாயாருக்கு மூன்றாம் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நீங்கள் எதைச் செய்தாலும் அந்த இரண்டு குடும்பங்களையும் முதலில் கேளுங்கள். ஊரில் அவரை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்று கேட்டு, சுருக்க முடியாத சின்னப் பெயராக வையுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. நேற்று இரண்டு வீடுகளுக்கும் போய் வந்தேன். வடக்குத் தெருவையும் மேலத் தெருவையும் விட்டுவிடுகிறோம். பாலத்துக்கு ஒருவர் பெயரையும், பாலத்திலிருந்து பள்ளி வரை செல்லும் ஊராட்சிச் சாலைக்கு மற்றவர் பெயரையும் முன்மொழிவதாகப் பேசியிருக்கிறோம். 1971இல் இறந்தவரின் மனைவிக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. பாலம் என்றதும் அவர் சம்மதித்துவிட்டார். விடுப்பு முடிந்து கிளம்பும்போது அந்தப் பாலத்தடியில்தான் கணவர் பேருந்து ஏறுவாராம். யாழ்ப்பாணத்தில் இறந்தவரின் தம்பி, பலகையில் யாழ்ப்பாணம் என்ற ஊர்ப் பெயரை எழுதுவதற்கு ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கிறார், அவசரப்படுத்தவில்லை.

மன்னார்குடி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். குடும்பத்தார் காட்டிய பழைய தந்தியில் பதவியும் படைப்பிரிவும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளாக இருக்கின்றன. இரண்டு எழுத்துகள் மடிப்பில் அழிந்துவிட்டன. படத்தைத் தனிச்செய்தியில் அனுப்பினால் படித்துச் சொல்ல இயலுமா?