தலைமை எழுத்தாளர் மாறினால் கதை எப்போது மாறும்?

பகல்நேர ரசிகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களுள் நான் விடாமல் பார்ப்பது ஏபிசியின் 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' ஒன்றுதான். டான் ஓ'கானரும் கிறிஸ் வான் எட்டனும் தலைமை எழுத்தாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறார்கள், பாட்ரிக் மல்காஹேயும் எலிசபெத் கோர்ட்டேயும் அந்த இடத்துக்கு வருகிறார்கள் என்று 2024 ஜனவரியில் செய்தி வெளியானது. மறுநாளிலிருந்தே வித்தியாசம் தெரியும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தேன். வாரக்கணக்கில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு உரையாடல்களின் ஓசை மெல்ல மாறியது. அதற்குப் பழகிக்கொண்டிருந்தபோதே, அதே ஆண்டின் நடுப்பகுதியில், மல்காஹே விலகினார் என்றும் முன்பு விலகிய வான் எட்டனே கோர்ட்டேயுடன் சேர்ந்து எழுதப்போகிறார் என்றும் அறிவித்துவிட்டார்கள்.

டைட்டில் கார்டில் பத்துப் பன்னிரண்டு எழுத்தாளர்களின் பெயர்கள் ஓடும்போது, மேலே இருக்கும் ஒருவரை மாற்றுவதால் உண்மையில் என்ன மாறுகிறது? ஒரு கதை பிடிக்காமல் போனால் அதற்குப் பொறுப்பு யாருடையது என்று பார்வையாளர் எப்படிக் கண்டுகொள்வது? பத்திரிகைச் செய்திகளில் இதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. நீண்ட காலமாகப் பார்ப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

எழுதுகோல் எழுதியது:

நீங்கள் கவனித்த தாமதம் தற்செயலானதன்று, ரசிகரே. இத்தொடர்கள் வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு ஏறத்தாழ 250 எபிசோடு என்ற கணக்கில் ஓடுபவை. அந்த அளவுக்கு ஒருவர் உட்கார்ந்து எழுத முடியாது என்பதால் வேலை அடுக்கடுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வரும் மாதங்களில் எந்தக் குடும்பத்தில் என்ன நடக்கும், யார் யாரோடு சேர்வார்கள், எந்த ரகசியம் எப்போது உடையும் என்ற நீண்ட காலக் கதையைத் தலைமை எழுத்தாளர் வகுத்து, நிர்வாகத் தயாரிப்பாளரிடமும் தொலைக்காட்சி நிறுவனத்திடமும் ஒப்புதல் பெறுகிறார். அதை நாள்வாரியாகவும் காட்சிவாரியாகவும் பிரித்து எழுதுபவர்கள் இரண்டாம் அடுக்கினர். 'பிரேக்டவுன்' எழுத்தாளர்கள் என்று அவர்களைக் குறிப்பிடுவார்கள். அந்தப் பிரிப்பை வைத்து ஓர் எபிசோடின் முழு வசனத்தையும் எழுதுபவர்கள் மூன்றாம் அடுக்கினர். எல்லாரும் எழுதியது ஒரே கை எழுதியதுபோல இருக்க வேண்டும் என்பதற்காக ஸ்கிரிப்ட் எடிட்டர் ஒருவர் கடைசியாகச் சரிபார்க்கிறார்.

ஆகவே புதிய தலைமை எழுத்தாளர் பொறுப்பேற்கும் நாளில், பழையவர் வகுத்த கதை இந்த மூன்று அடுக்குகளிலும் பாதி பாதியாக நின்றுகொண்டிருக்கும். சில எபிசோடுகள் படமாகிவிட்டிருக்கும், சிலவற்றுக்கு வசனம் முடிந்திருக்கும், சிலவற்றுக்குக் காட்சிப் பிரிப்பு மட்டும் இருக்கும். உங்கள் தொடர் ஒளிபரப்புக்குச் சில வாரங்களே முன்னதாகப் படமாக்கப்படுவது என்பதால் மாற்றம் ஓரளவு விரைவில் தெரிந்தது. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' பல மாதங்கள் முன்னதாகப் படமாக்கப்படுவது. அங்கே தலைமை எழுத்தாளராக இருந்த ரான் கார்லிவாட்டி 2024இல் பொறுப்பை விட்ட பிறகும் அவர் எழுதிய கதை பல மாதங்கள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் புதியவர்களைத் திட்டி எழுதியவர்கள் பலர். திட்டு முழுவதும் தவறான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் மாறினாலும் இரண்டாம், மூன்றாம் அடுக்கினர் பெரும்பாலும் அப்படியே தொடர்வார்கள். கதை மாறியும் பாத்திரங்களின் பேச்சு மாறாதிருப்பதற்கு அதுவே காரணம். பேச்சே மாறிவிட்டதென்றால் ஒன்று கீழ் அடுக்கிலும் ஆட்கள் மாறியிருக்க வேண்டும், அல்லது தலைமை எழுத்தாளர் வசனத்தைத் தன் கையால் திருத்துபவராக இருக்க வேண்டும்.

வானொலிக்காலம் எழுதியது:

முன்னவர் கூறிய அமைப்பு சரியே. ஆனால் தலைமை எழுத்தாளரை அடிக்கடி மாற்றும் வழக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1930இல் சிகாகோ வானொலியில் இந்த வடிவத்தைத் தொடங்கிவைத்த இர்னா பிலிப்ஸ், உட்கார்ந்து எழுதாமல், பாத்திரங்களின் குரல்களில் தாமே பேசிக் காட்டிச் செயலாளரை எழுதிக்கொள்ளச் சொன்னவர். தொடர் என்பது அவருடைய தலைக்குள் இருந்தது. அவரிடம் தொழில் கற்ற ஆக்னஸ் நிக்சனும் வில்லியம் ஜே. பெல்லும் பின்னாளில் தங்கள் சொந்தத் தொடர்களை உருவாக்கினார்கள். அந்த இர்னா பிலிப்ஸே, தாம் 1956இல் உருவாக்கிய 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரிலிருந்து 1973இல் நீக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் காலமானார். தொடரின் உரிமை பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்திடம் இருந்தது. உருவாக்கியவரையும் உரிமையாளர் வெளியேற்றலாம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பெல் இதைக் கண்டு பாடம் கற்றாரோ என்னவோ, தாமும் மனைவி லீ பிலிப் பெல்லும் 1973இல் தொடங்கிய 'த யங் அண்ட் த ரெஸ்ட்லெஸ்' தொடரில் குடும்பத்தின் பிடியை விடவில்லை. 1998 வரை, கால் நூற்றாண்டு, அவரே தலைமை எழுத்தாளர். அவருக்குப் பின் வந்தவர் கே ஆல்டன். பல்கலைக்கழக ஆய்வுக்காகப் பெல்லைச் சந்திக்கச் சென்ற மாணவி அவர். 1974இல் அத்தொடரிலேயே வசனம் எழுதச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அருகிலிருந்து கற்றவர். இணை எழுத்தாளர்கள் உடனிருந்தாலும் அந்தக் கைமாற்றத்தில் தொடரின் நடை குலையவில்லை.

2006க்குப் பிறகு அதே தொடரில் நடந்ததைப் பாருங்கள். லின் மரி லேதம், மரியா அரீனா பெல், ஜாஷ் கிரிஃபித், ஷெல்லி ஆல்ட்மனும் ஜீன் பாசனன்டேயும், சார்ல்ஸ் பிராட், சாலி சஸ்மன், மால் யங் என்று ஆட்கள் வந்து போய், 2019இல் மறுபடியும் கிரிஃபித்திடமே பொறுப்பு வந்து சேர்ந்தது. முதல் 33 ஆண்டுகளில் ஒரு குருவும் அவருடைய மாணவியும். அடுத்த 13 ஆண்டுகளில் இத்தனை பேர். புதிதாக வந்தவர் முந்தையவரின் கதையை அவசரமாக முடித்துவிட்டுத் தன் கதையைத் தொடங்குவார். அது வேர்விடும் முன்பே அடுத்தவர் வந்துவிடுவார். சில பாத்திரங்கள் காரணமின்றி ஊரைவிட்டுப் போவதும், மறந்துபோன பகை திடீரென்று திரும்புவதும் இதனால்தான் என்பது என் கருத்து.

மூன்றாம் இழை எழுதியது:

வானொலிக்காலம் ஐயாவின் வரலாற்றில் பிழை காண ஒன்றுமில்லை. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. நீண்ட காலம் ஒருவரே இருப்பது நன்று, மாற்றம் தீது என்று கொண்டால், ஜேம்ஸ் இ. ரெய்லியை எங்கே வைப்பது? 1993இல் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' தொடருக்குத் தலைமை எழுத்தாளராக வந்தவர், கார்லி என்ற பாத்திரத்தை உயிரோடு புதைத்தார், மார்லீனா என்ற பாத்திரத்தைப் பேய் பிடிக்க வைத்தார். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பார்ப்பவர் எண்ணிக்கையோ ஏறியது. வெளியிலிருந்து வந்த ஒருவர் அடியோடு மாற்றியதால் தொடர் பிழைத்த சான்று அது. அவரே 2003இல் திரும்பி வந்து தொடரின் மூத்த பாத்திரங்களை ஒவ்வொருவராகக் கொன்றபோது (பிறகு அவர்கள் சாகவில்லை என்று காட்டினார்கள், அது வேறு கதை) முன்போல விளைச்சல் இல்லை. ஆக, ஒரே எழுத்தாளர், ஒரே தொடர், இரண்டு முறை, இரண்டு விளைவு.

டக்ளஸ் மார்லண்டின் எடுத்துக்காட்டு இங்கே பொருந்தும். 'கைடிங் லைட்' தொடரில் ஒரு நடிகையைத் தயாரிப்புத் தரப்பு நீக்கியதை ஏற்காமல் 1982இல் விலகியவர் அவர். பின்னர் 1985 முதல், 1993இல் இறக்கும் வரை 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரை எழுதினார். புதிதாகப் பொறுப்பேற்பவர் ஒரு தொடரைக் கெடுக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவர் எழுதிவைத்த குறிப்புகள் தொழில் வட்டாரத்தில் பெயர்பெற்றவை. தொடரை முதலில் உட்கார்ந்து பார், அதன் பழைய வரலாற்றைப் படி, ரசிகர் கடிதங்களைப் படி, முதல் ஆறு மாதம் யாரையும் நீக்காதே, புதுப் பாத்திரங்களை மெல்ல மெல்ல வளர்த்தெடு என்ற வகையில் அவை அமைந்தவை. எளியவையாகத் தோன்றினாலும், எழுத்தாளர்களின் ஒப்பந்தங்கள் 13 வாரச் சுற்றுகளாக அமைந்திருக்கும் தொழிலில் ஆறு மாதம் பொறுத்திருக்க யாருக்குத் துணிவு வரும்? மார்லண்டுக்கு அந்த அவகாசத்தைக் கொடுத்தார்கள். இன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே ஆட்கள் மாறுவதைவிட, வந்தவருக்கு எவ்வளவு காலம் தருகிறார்கள் என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

பகல்நேர ரசிகன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இப்போது ஓரளவு பிடிபடுகிறது. இன்னும் ஓர் ஐயம். 2023இல் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இரவுநேரத் தொடர்கள் பல நின்றுபோயின. பகல்நேரத் தொடர்கள் புதிய எபிசோடுகளுடன் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை எழுதியவர்கள் யார்?

எழுதுகோல் எழுதியது:

கையிருப்பு ஸ்கிரிப்டுகள் தீர்ந்த பிறகு, சங்கத்தில் இல்லாதவர்களும் சங்கத்தின் முழு உறுப்புரிமையைக் கைவிட்டவர்களும் எழுதினார்கள். அமெரிக்கச் சட்டப்படி ஓர் எழுத்தாளர், சங்கத்தின் பேரத்துக்கான செலவுப் பங்கை மட்டும் செலுத்தி, வாக்குரிமையையும் பதவிக்குப் போட்டியிடும் உரிமையையும் இழந்து, வேலைநிறுத்தக் காலத்திலும் பணிபுரியலாம். இதற்கு 'ஃபை-கோர்' என்று பெயர். 2007 நவம்பர் தொடங்கி 2008 பிப்ரவரி வரை 100 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின்போது அவ்வாறு சென்ற 28 பேரின் பெயர்களைச் சங்கம் பின்னர் வெளிப்படையாக அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் பகல்நேரத் தொடர் எழுத்தாளர்கள். அவர்களைக் குறைசொல்வோரும் உண்டு. ஒரு தொடர் சில வாரங்கள் நின்றால் பார்வையாளர் திரும்பி வரமாட்டார்கள், பிறகு தொடரே மூடப்படும், எல்லாருடைய வேலையும் போய்விடும் என்று வாதிட்டோரும் உண்டு. 2009 செப்டம்பருக்கும் 2012 ஜனவரிக்கும் இடையில் நான்கு பழைய தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டதை நினைத்தால், அந்த அச்சம் வெறும் சாக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

வேலைநிறுத்தம் முடிந்ததும் இன்னொரு மாற்றம் நடக்கும், அது யார் கண்ணிலும் படாது. திரும்பி வரும் எழுத்தாளர், தாம் விட்டுச்சென்ற கதையை வேறொருவர் வேறு திசையில் கொண்டுபோயிருப்பதைக் காண்பார். அதை இரண்டு மூன்று வாரங்களில் தமது பாதைக்குத் திருப்ப வேண்டும். 2023 இறுதியில் சில பாத்திரங்கள் ஒரே வாரத்தில் மனம் மாறியதை நீங்களும் கண்டிருக்கலாம்.

பொறுப்பு யாருடையது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தொடரின் உரிமை ஏபிசியிடமே இருப்பதால், தலைமை எழுத்தாளரை மாற்றுவதில் தொலைக்காட்சி நிறுவனத்தின் கை நேரடியானது. 'த யங் அண்ட் த ரெஸ்ட்லெஸ்' தொடரில் 2019 முதல் கிரிஃபித்தே தலைமை எழுத்தாளர், பிறகு அவரே நிர்வாகத் தயாரிப்பாளரும் ஆனார். அங்கே பாராட்டும் பழியும் ஒருவருக்கே. சிபிஎஸ் 2025 பிப்ரவரி 24இல் தொடங்கிய 'பியாண்ட் த கேட்ஸ்' தொடரை உருவாக்கிய மிஷேல் வால் ஜீன், அதற்கு முன் பல ஆண்டுகள் பிறருடைய தொடர்களில், உங்கள் 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' உட்பட, எழுதியவர். முந்தையவர் விட்டுப்போன கதை எதையும் முடித்துக்கொடுக்க வேண்டாத வாய்ப்பு இத்துறையில் அரிதிலும் அரிது. நேரமிருந்தால் அதன் முதல் மாதத்தையும் உங்கள் தொடரின் 2024 மார்ச் மாதத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். என்ன தோன்றியது என்று இங்கேயே எழுதுங்கள்.