ஆர்.ஓ. வாங்குவதற்கு முன் தண்ணீரைச் சோதித்துவிடுவோம்

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பதினைந்து நாள் தண்டையார்பேட்டை வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் மஸ்கட் திரும்பினேன். நம் தெருவுக்குப் பொது ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வைக்கப் பணம் திரட்டுகிறோம். நானும் தருவதாகச் சொன்னவன்தான், தரவும் போகிறேன். ஆனால் ஊரில் பார்த்த பிறகு, முதல் செலவு அதுவாக இருக்கக் கூடாது என்று படுகிறது.

காலையில் தண்ணீர் விட்டதும் முதல் நாலைந்து குடம் சாக்கடை வாடை அடிக்கிறது. பெரியம்மா அதைக் கீழே ஊற்றிவிட்டு, அப்புறம் வருவதைப் பிடித்துக் காய்ச்சுகிறார். எதிர்வீட்டுக் குழந்தைக்கு இரண்டு மாதத்தில் மூன்று முறை வயிற்றுப்போக்கு. இந்த நேரத்தில்தான் இயந்திரம் விற்கும் ஒருவர் வந்தார். டிடிஎஸ் மீட்டரை விட்டு 640 என்று காட்டினார். பிறகு இரண்டு கம்பிகளை முக்கி மின்சாரம் விட்டதும் நம் குழாய்த் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது, ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. தெருவே பயந்துபோனது.

நான் தண்ணீர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் செந்நிறம் கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறம் மாறவில்லை. அவ்வளவுதான். மீட்டரும் கரைந்த உப்பை மட்டுமே சொல்லும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். 640 என்றால் பாத்திரத்தில் உப்புப் படியும், ருசி மாறும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு அதனால் வராது. டிடிஎஸ் 150 காட்டும் தண்ணீரிலும், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி கிருமி இருக்கலாம், மீட்டருக்கு அது தெரியாது.

நம் தெருவில் தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. மீதி நேரம் குழாய் காலி. பழைய குழாயில் விரிசல் இருந்து, பக்கத்தில் கழிவுநீர்க் குழாயும் கசிந்தால், அந்த அழுக்கு உள்ளே இறங்கும். வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சுவதால் இன்னும் வேகமாக இறங்கும். எங்கள் வீட்டிலும் மோட்டார் இருந்தது, கழற்றச் சொல்லிவிட்டேன்.

அதனால் மூன்று மாதிரி எடுப்போம்: தெருக் குழாயில் முதலில் வரும் தண்ணீர், அதே குழாயில் அரை மணி கழித்து, அப்புறம் ஒரு வீட்டுச் சம்ப் (தரைக்கடித் தொட்டி). சம்பில் மட்டும் கிருமி இருந்தால் அதைக் கழுவினால் போதும். தெருக் குழாயிலேயே இருந்தால் அந்தக் குழாயை மாற்றித்தான் ஆக வேண்டும். 100 மில்லியில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும், அதைக் குழாயடியிலேயே பார்க்க வேண்டும், நேரமானால் குறைந்துவிடும். போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர் குடிப்பவர்கள் எண்ணெய்க்கும் சோதிக்க வேண்டும். 2013இல் நம் பேட்டையில் போர்களில் எண்ணெய் வந்தது யாருக்கும் மறந்திருக்காது.

கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் பொதுச் சுகாதாரத் துறையின் நீர்ப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. அங்கே பெற்ற அறிக்கை கையில் இருந்தால், குடிநீர் வாரியப் பகுதி அலுவலகத்தில் குழாயை மாற்றச் சொல்லித் தைரியமாகக் கேட்கலாம். ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க மட்டும்தான் ஆகும். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் அதே குழாய்த் தண்ணீரில்தானே?

பொருளாளர் அண்ணன் சம்மதித்தால் சோதனைச் செலவு முழுவதையும் நானே அனுப்பிவிடுகிறேன். மாதிரி எடுக்கும் காலையில் காணொளி அழைப்பில் கூடவே இருப்பேன். ஆய்வகம் தரும் பாட்டிலை யாரும் கழுவிவிட வேண்டாம் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். உள்ளே இருக்கும் மருந்து, குளோரினை முறிப்பதற்காகப் போட்டது. எடுத்த பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.