நூலகர் தினத்துக்கு கஹூட் வைக்கலாமா, வேண்டாமா?

வினாக்கணை: ஆகஸ்ட் 12, இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்தநாள். பள்ளி நூலகத்தில் 60 பிள்ளைகள், 45 நிமிடம், ஒரு புரொஜெக்டர். என் யோசனை கஹூட்தான்: திரையில் கேள்வி வரும், டேப்லெட்டில் விடை தட்டணும், அந்த இணைய வினாடி வினா. ஐந்து பேருக்கு ஒரு டேப்லெட், மொத்தம் 12 குழு, பத்துக் கேள்வி. குழு முறையில் ஆடினால், விடை தட்டுமுன் கலந்து பேச 5 வினாடி கிடைக்கும். வாயே திறக்காத பிள்ளைகூட எழுந்து நின்று கத்தும்.

அடுக்கோரம்: கத்தும் சரி, வாசிக்குமா? மதிப்பெண் கணக்கைப் பாருங்க சார். 20 வினாடிக் கேள்விக்கு 2-ஆவது வினாடியில் சரியாகத் தட்டினால் 950. 18-ஆவது வினாடியில் தட்டினால் 550. கேள்வியை நிதானமாகப் படித்தவனுக்கு 400 அபராதம்! ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்று 1931-இல் ரங்கநாதன் விதி வகுத்தது, புத்தகம் தேடி அலைகிற நேரத்துக்காக.

வினாக்கணை: அது அமைப்பில் மாற்றுகிற விஷயம். ஒவ்வொரு கேள்விக்கும் நேரத்தைத் தனியாகக் கூட்டலாம். 60 வினாடி வைத்தால் அதே 18-ஆவது வினாடி விடைக்கு 850. மதிப்பெண்ணே இல்லாமலும் வைக்கலாம். இயல்பாக இருக்கிற 20-ஐ அப்படியே விட்டுவிட்டுக் கருவியைத் திட்டினால் எப்படி?

தட்டச்சன்: இன்னொரு சிக்கல். கஹூட்டில் கேள்விக்கு 120 குறிதான் இடம், விடைக்கு 75. ‘நூலகம்’ நமக்கு நாலு எழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கிற யூனிகோடில் ஆறு குறி, ‘நூ’வின் ஊகாரக் குறியும் ‘ம்’மின் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. நீளமான தமிழ்க் கேள்வி பாதியில் முட்டி நிற்கும். கேள்வியைப் படமாகப் போட்டுவிட்டு, தலைப்பில் ‘இது எந்தப் பறவை?’ என்று மட்டும் எழுதுங்க.

அட்டைக்குருவி: 12 டேப்லெட்டுக்கு எங்கே போவது? பிளிக்கர்ஸ் செயலியைப் பாருங்க. பிள்ளைக்கு ஓர் அட்டை, அதைக் கேமராவால் படிக்க ஆசிரியரிடம் ஒரு கைபேசி. அட்டையை எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுதான் விடை. விடை எழுத்து பொடியாக இருக்கும், ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு. பக்கத்துப் பிள்ளையைக் காப்பியடிக்க முடியாது. பெரிய தொகுப்பில் 63 அட்டை, உங்க 60-க்குப் போதும். பளபளப்பு லேமினேஷன் மட்டும் வேண்டாம்; டியூப்லைட் பட்டு மின்னினால் கேமரா படிக்காது. விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தாலும் அதே கதி, ஓரத்தைத்தான் பிடிக்கணும். இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு ஐந்து கேள்விதான். பத்து வேண்டுமென்றால் இரண்டு தொகுப்பாகப் பிரிங்க.

அடுக்கோரம்: திரையை விட்டு வெளியே வர மாட்டீங்களா? பின்னாலேயே அலமாரி நிற்கிறது! குழுவுக்கு ஒரு தாள், ஆறு கேள்வி. கேள்வியில் நூலைப் பொருள்வாரியாக அடுக்குகிற டூயி பகுப்பு எண் மட்டும் இருக்கட்டும்: 598-இல் பறவை நூல், 796-இல் விளையாட்டு, 894.811-இல் தமிழ் இலக்கியம். புத்தகத்தை எடுத்து, பொருளடக்கம் பார்த்து, விடையோடு பக்க எண்ணும் எழுதணும். பக்க எண் இல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது. ஊகத்தில் அடிப்பது அங்கேயே நின்றுவிடும்.

வினாக்கணை: 60 பேரும் 598-க்கே பாய்ந்தால்? முதல் குழு புத்தகத்தை ஒளித்துவைக்கும், பயல்கள் செய்வார்கள். எண்ணே ஒட்டாத நூலகத்தில் என்ன செய்வீங்க?

அடுக்கோரம்: தொடக்கத்தை மாற்றுங்க. முதல் குழு 1-ஆவது கேள்வியில், இரண்டாம் குழு 2-ஆவதில் என்று சுழலட்டும். 12 குழுவையும் ஒரே நேரத்தில் இறக்கக் கூடாது. ஆறு தேடட்டும், ஆறு உட்காரட்டும். ஒளிப்பதற்கு மருந்து, ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நூலிலாவது விடை இருக்குமாறு பார்ப்பது. எண் இல்லையென்றால் அலமாரிக்கு ஒரு நிற நாடா, கேள்வியில் நிறத்தின் பெயர். எடுத்ததை யாரும் திரும்ப அடுக்கக் கூடாது, நடு மேசையில் வைக்கணும். இந்த ஒரு விதியை விட்டால் மறுநாள் முழுக்க நூலகர்தான் அடுக்கணும்.

அட்டைக்குருவி: உட்கார்ந்திருக்கிற ஆறு குழுவுக்கு, அதாவது 30 பிள்ளைக்கு, அட்டை கொடுங்க. 15 நிமிடம் ஆனதும் தேடுகிற ஆறையும் உட்கார்ந்த ஆறையும் இடம் மாற்றுங்க, இன்னொரு 15 நிமிடம்.

வினாக்கணை: அப்போ என் கஹூட்?

அடுக்கோரம்: மிச்சம் 15 நிமிடம் இருக்கே சார். மேசையில் குவிந்த நூல்களிலிருந்தே கேள்வி கேளுங்க. நேரம் மட்டும் கேள்விக்கு 60 வினாடி!