மெஸ் மாடியில் 300 சதுர அடி: கீரை, கொத்தமல்லி, புதினா எல்லாம் வருமா?

கும்பகோணம் மெஸ்:
வணக்கம். மதியச் சாப்பாடு மட்டும் போடுகிற சின்ன மெஸ். தினம் 80 இலை விழும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி போக 300 சதுர அடி காலியாகக் கிடக்கிறது. கீரை, கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை நாலையும் அங்கேயே போட்டு, காய்கறித் தோலை உரமாக்கலாம் என்று யோசனை. கட்டடம் 15 வருஷத்துக் கான்கிரீட். பாரம் தாங்குமா? ஆர்.ஓ. மிஷினில் கழிகிற தண்ணீரை ஊற்றலாமா?

தளம்பீம்:
பாரத்தை முதலில் பாருங்கள். ஆட்கள் புழங்கும் மொட்டை மாடிக்கு, கட்டடப் பாரத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 சொல்லும் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. ஐந்து அங்குல ஆழத்துக்கு வெறும் செம்மண் போட்டு நனைத்தால் அதுவே 200 கிலோவைத் தொடும். பாதி தென்னை நார்க்கழிவு, கால் பங்கு செம்மண், கால் பங்கு மட்கிய உரம் என்று கலந்தால் நனைந்த பிறகும் 135 கிலோ அளவில் நிற்கும். கீரைக்கு ஐந்து அங்குலம் போதும்.

நடக்க வழி விட்டால் 300 சதுர அடியில் 16 சதுர மீட்டர்தான் பாத்தி. அதற்கு 2,000 லிட்டர் கலவை. நார்க்கழிவு மட்டும் 1,000 லிட்டர். ஐந்து கிலோ கட்டி ஊறினால் 70 லிட்டர் வரும், ஆக 14, 15 கட்டி. ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து மூன்று தடவை அலசுங்கள். வடியும் தண்ணீர் டீ நிறத்திலிருந்து வெளிறும்வரை விடாதீர்கள். அலசாமல் போட்டால் நாரில் உள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கும்.

பாத்திகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் பீமும் ஓடும் இடமாகப் பார்த்து வையுங்கள். அடியில் இரண்டு வரிசை செங்கல் கொடுங்கள். பாத்திப் பை தரையோடு ஒட்டிக் கிடந்தால் வாட்டத்தில் ஓட வேண்டிய தண்ணீர் அங்கேயே தேங்கும், கீழே சாப்பாட்டுக் கூடத்தில் ஓதம் காட்டும். கூரையின் அடிப்பக்கம் துருக்கறையோ கம்பி வாக்கில் விரிசலோ இருந்தால் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு அதில் செறிந்து வருகிறது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

கீரைப்பாத்தி:
நாலையும் போடாதீங்க அண்ணா. கறிவேப்பிலை தொட்டியில நிலையா பறிக்க ரெண்டு வருஷம் ஆகும். 80 இலைக்குத் தாளிக்க ஒரு செடி காணாது. கொத்தமல்லி சித்திரை வெயில்ல இலை விடுறதுக்கு முன்னாடி பூத்துரும். புதினா ரெண்டு பை வைங்க, துவையலுக்கில்ல, மேலே தூவ மட்டும். மிச்ச இடம் முழுக்க கீரை.

ஒரு சதுர மீட்டர்ல சிறுகீரையோ முளைக்கீரையோ சுமார் ஒரு கிலோ கிடைக்கும், 25 நாள் பயிர். 16 சதுர மீட்டரை நாலு பங்காப் பிரிச்சு வாரம் ஒரு பங்கு விதைங்க. அஞ்சாவது வாரத்துல இருந்து வாராவாரம் நாலு கிலோ. ஆளுக்கு 50 கிராம் பச்சைக் கீரைன்னு வச்சா 80 இலைக்கு ஒரு நாள் கீரைக் கூட்டு சரியா வந்துரும். எல்லாத்தையும் ஒரே நாள்ல விதைச்சா ஒரு வாரம் 16 கிலோ குவியும், அடுத்த மூணு வாரம் பாத்தி மொட்டையா நிக்கும்.

சதுர மீட்டருக்கு அரை டீஸ்பூன் விதை, நாலு கைப்பிடி காய்ஞ்ச மணல்ல கலந்து தூவுங்க. கூடவே கொஞ்சம் அரிசி ரவை சேருங்க, எறும்பு விதையை விட்டுட்டு ரவையைத் தூக்கிட்டுப் போகும். மேலே கால் அங்குலம் நார்க்கழிவு போதும். முதல் வாரம் பூவாளியிலதான் தண்ணி. ஹோஸ்ல அடிச்சா விதையெல்லாம் ஒரு மூலையில ஒதுங்கிரும். நெருக்கமா முளைச்சு ஈரமும் கூடினா தண்டு அடியில நீர் கோத்து நாத்து படுத்துரும். அதுக்கு விதைக்கிறதுக்கு முன்னாடியே உரத்துல டிரைக்கோடெர்மா விரிடிங்கிற, நோயைத் தடுக்கிற நல்ல பூஞ்சையைக் கலந்துருங்க. படுத்த நாத்து எந்திரிக்காது.

புழுவுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, காதி சோப்புக் கரைசலோட சாயங்காலம் அடிங்க. 15-ம் நாளுக்கு அப்புறம் அடிக்காதீங்க, கூட்டுல கசப்பு ஏறிரும். கொசுவலை மாதிரி நெருக்கமான வலையைப் பாத்தி மேல போர்த்தினா மருந்தே வேண்டியதில்லை.

உரக்குழி:
மேலே சொன்னதோடு ஒன்று: உரம் போடும் டிரம் எதுவும் மாடியில் வேண்டாம், 200 லிட்டர் டிரம் நிறைந்தால் மொத்தப் பாரமும் ஒரே இடத்தில் இறங்கும். கொல்லையில் வையுங்கள்.

கழிவை அடுப்பங்கரையிலேயே இரண்டு வாளியாகப் பிரியுங்கள். சமைப்பதற்கு முன் வரும் தோல், காம்பு, தண்டு மட்டும் உரத்துக்கு. சாப்பிட்ட இலையில் சாம்பார் உப்பும் எண்ணெயும் இருப்பதால் அது சேரக் கூடாது. டீத்தூளைப் பால், சர்க்கரை போக அலசிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் எறும்பும் ஈயும்தான் மொய்க்கும். ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு அல்லது நார்க்கழிவு, மேலே புளித்த மோர் ஒரு டம்ளர், வாரம் ஒருமுறை கிளறல். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று இல்லை என்று அர்த்தம், சருகைக் கூட்டுங்கள். 45 முதல் 60 நாளில் மண்வாசனை வரும். அதற்கு முன் எடுத்துப் போட்டால் பாத்திக்குள் சூடேறி நாற்றைக் கருக்கும்.

அடுப்புப் புகைபோக்கி எங்கே திறக்கிறது என்று பார்த்தீர்களா? பத்தடிக்குள் பாத்தி இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு இலையில் படியும், எத்தனை அலசினாலும் போகாது.

கும்பகோணம் மெஸ்:
புகைபோக்கி கிழக்கு மூலையில், அந்தப் பக்கம் விட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கூட்டு என்று வைத்துக்கொண்டால் எப்போது பறிப்பது? வேரோடா, அறுத்தா?

கீரைப்பாத்தி:
அன்னைக்கே காலையில ஆறு மணிக்கு, வெயில் ஏறுறதுக்குள்ள. சிறுகீரை, முளைக்கீரை வேரோட பிடுங்குங்க. ஒரு பங்கு மட்டும் அரைக்கீரை போட்டா ரெண்டு விரக்கடை விட்டு அறுத்துக்கலாம், மறுபடி துளிர்க்கும். நார் ஒட்டிக்கிட்டு வரும். அகலப் பாத்திரத்துல மூணு தண்ணி அலசுங்க, ஒவ்வொரு தடவையும் கீரையை மேலாகத் தூக்கி எடுங்க. தண்ணியைச் சாய்ச்சா அடியில தங்கின மண்ணு திரும்ப கீரையிலேயே வந்து விழும்.