நம்ம செட்டோட ரத்த நோட்டு

கடைசி பெஞ்ச்:
நம்மள விட்டுப் போன நண்பனோட பதினாறாம் நாளும் முடிஞ்சிருச்சு. "தங்கமான பையன்"னு எல்லாரும் எழுதியாச்சு, ரத்தம் கொடுக்கிறவங்களை அவன் குறிச்சு வெச்ச அந்த நீல நோட்டைப் பத்தி யாரும் எழுதல. குரூப், எடை, கடைசியா கொடுத்த தேதி. பேரு கடைசிக் கட்டத்துலதான். டெங்கு சமயம் ஹாஸ்டல் வாசல்ல பத்துப் பேர் செருப்பை மாட்டிட்டு நிக்கிறாங்க. எட்டுப் பேரை "போய்ப் படுங்கடா"ன்னுட்டான். எடுத்து வெச்ச பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) அஞ்சு நாள்தான் தாங்கும். பத்துப் பேரும் ஒரே நாள்ல கொடுத்துட்டா அடுத்த மூணு மாசம் கூப்பிட ஆள் இருக்காது. அந்த ரெண்டு பேரை எப்படித்தான் பொறுக்கினானோ!

சிவில் பிரிவு:
மந்திரம் ஒண்ணும் இல்ல மச்சான். சாப்பிட்டு நாலு மணி நேரம் தாண்டினவன், ராத்திரி தூங்காதவன், பச்சை குத்தி வருஷம் ஆகாதவன் எல்லாம் வெளியே. மிஞ்சினது ரெண்டு பேர்.

லேடீஸ் ஹாஸ்டல்:
பொண்ணுங்க ஒரு தடவை கொடுத்துட்டு மறுபடி கொடுக்க இப்ப விதி 120 நாள். அவன் அப்பவே நாலு மாசம்னு எழுதி வெச்சிருந்தான். ஹீமோகுளோபின் 12.5 இல்லாம திரும்பி வந்தா பேரை அடிக்க மாட்டான், அடுத்த தேதி குறிப்பான். "சாப்பாட்டோட டீ குடிக்காதீங்க, இரும்புச்சத்து ஏறாது"ம்பான்.

ஈஸிஈ:
ஒரு நோயாளிக்கு ஓ பாசிட்டிவ்னு சீட்டு. ஓ ரத்தம் மூணு பை, மூணுமே கிராஸ்மேட்ச்ல, அதான் நோயாளி ரத்தத்தோட சேருதான்னு பாக்குற சோதனையில, திரண்டுபோச்சு. இவன் மெதுவா, "ஆன்டி-எச் போட்டுப் பாத்தீங்களாண்ணே?" பாம்பே குரூப்! செவ்வணு மேல இருக்க வேண்டிய எச் ஆன்டிஜன்ங்கிற பொருள் இல்லாததால சாதாரண சோதனையில ஓ மாதிரியே காட்டும், ஆனா ஓ ரத்தம் சேராது. லேப்காரர் இவனைப் பார்த்த பார்வை இருக்கே...

மெக்கானிக்கல்:
கடைசி பெஞ்ச், பிளேட்லெட்டை மட்டும் வெச்சு அளக்காதீங்க. செவ்வணு சாதாரணப் பையிலயே 2-6 டிகிரியில 35 நாள் நிக்கும். புதுசா கொடுக்கப் போறவங்களுக்கு: 45 கிலோ இருந்தா 350 மில்லி, 55 தாண்டினா 450. போறதுக்கு முன்னாடி அரை லிட்டர் தண்ணி குடிங்க. ஊசி எடுத்ததும் முழங்கையை மடக்காதீங்க, நீட்டி வெச்சு பஞ்சை அழுத்துங்க. மடக்கினா ரத்தம் கசிஞ்சு நீலம் பாரிக்கும். டக்குனு எந்திரிக்கக் கூடாது. மயங்கினா படுக்க வெச்சு காலைத் தூக்குங்க, தெளியாதவன் வாயில ஜூஸ் ஊத்தாதீங்க, புரையேறும்.

கடைசி பெஞ்ச்:
ஐயா, இது அவனைப் பத்திப் பேசுற இடம். நோட்டு யார்கிட்ட இருக்கு?

சிவில் பிரிவு:
ஜூனியர் ஒருத்தன்கிட்ட. பாதி நம்பர் லேண்ட்லைன். நம்ம செட்ல சில பேர் இன்சுலின் போடுறாங்க, அவங்க வரியை முதல்ல அடிக்கணும்.