மறுமொழி: டேஞ்சலோவுக்குத் தமிழில் என்ன எழுதுவது? (திங்களன்று அச்சு)

மருந்தாளுநர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். இதய நோயாளிகளுக்கான உணவுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. டேஞ்சலோ என்னும் பழத்துக்கு என்ன பெயர் எழுதுவதென்று தெரியாமல் நிற்கிறேன். கமலா வகையைச் சேர்ந்த டேஞ்சரினோடு பம்பளிமாஸையோ கிரேப்ஃப்ரூட்டையோ சேர்த்து உருவாக்கிய பழம் அது. எனக்கு முன் மொழிபெயர்த்தவர் ‘கலப்பின ஆரஞ்சு’ என்று விட்டிருக்கிறார். அதைவிடக் கொடுமை, கிரேப்ஃப்ரூட்டை எல்லா இடத்திலும் ‘திராட்சைப்பழம்’ ஆக்கியிருக்கிறார். கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் வந்த பெயருக்கும் திராட்சைக்கும் என்ன உறவு? கிரேப்ஃப்ரூட்டோடு சேரக்கூடாத சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரையைச் சாப்பிடுகிறவர் திராட்சையை ஒதுக்கிவிட்டு, ஒதுக்க வேண்டியதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். உதவுங்கள்.

எளியதமிழ் எழுதியது:

அம்மா, டேஞ்சலோ என்றே எழுதிவிடுங்கள். பழத்தின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும். நாம் புதுப்பெயர் வைத்தால் நோயாளியால் இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியாது. ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ வழுவல்ல என்று நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது.

நிகண்டன் எழுதியது:

நன்னூலார் அந்த நூற்பாவை எழுதியது சோம்பலுக்குச் சான்றிதழ் தருவதற்காக அல்ல. இந்தப் பழக்குடும்பம் முழுவதுக்கும் வேர்ச்சொல் நம்மிடம் இருக்கிறது. ஔவையார் அதியமானை ‘நரந்தம் நாறும் தன் கையால்’ என் தலையைத் தடவியவன் என்று சொல்லி அழுகிறார் (புறம் 235). குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலும் நரந்தம் உண்டு. அது நாரத்தைப் பூவா, நறும்புல்லா என்று உரையாசிரியர்கள் வேறுபடுவது எனக்குத் தெரியும். நாரத்தை என்பது என் துணிபு. இந்த ‘நார்’ அடிதான் வடமொழியில் நாரங்கமாகி, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச் என நடந்து, ஐரோப்பாவில் முதலெழுத்தை இழந்து ஆரஞ்சாக நமக்கே திரும்பி வந்திருக்கிறது. பம்பளிமாஸுக்கும் கிரேப்ஃப்ரூட்டுக்கும் கசப்பைத் தருகிற நாரின்ஜின் என்ற வேதிப்பொருளின் பெயரிலும் அதே அடிதான் இருக்கிறது. வேதியியலே நம் சொல்லை வைத்துக்கொண்டிருக்கும்போது டச்சுக்காரர் விட்டுச்சென்ற பம்பளிமாஸ் எதற்கு? கமலாவும் வடக்கிலிருந்து வந்த பெயர்தான். இரண்டு பழங்கள் கூடியதால் ‘இருநரந்தம்’ என்று முன்மொழிகிறேன்.

பயிரியல் ஆசிரியர் எழுதியது:

ஐயா, ‘இரு’ என்ற எண் நிற்காது. கிரேப்ஃப்ரூட் 18ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் பம்பளிமாஸும் இனிப்பு ஆரஞ்சும் தற்செயலாகக் கலந்து பிறந்தது. அந்த இனிப்பு ஆரஞ்சோ பம்பளிமாஸும் கமலாவும் கலந்ததன் வழிவந்தது. ஆகவே டேஞ்சலோவின் கொடிவழியில் பம்பளிமாஸ் பலமுறை வருகிறது. 1931இல் ஃபுளோரிடாவில் வெளியிட்ட மின்னியோலா என்ற வகை, டங்கன் கிரேப்ஃப்ரூட்டும் டான்சி டேஞ்சரினும் சேர்ந்தது. காம்புப் பக்கம் கழுத்துபோல் நீண்டிருக்கும். கண்டால் மறக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. கையேட்டில் எங்காவது ‘ஒட்டு’ என்று வந்தால் நீக்குங்கள். வேளாண் துண்டறிக்கைகளில் ‘வீரிய ஒட்டு ரகம்’ என்று வழங்கினாலும், ஒட்டுதல் என்பது ஒரு செடியின் தண்டில் இன்னொன்றின் மொட்டையோ கிளையையோ பொருத்துவது. மகரந்தம் சேர்ந்து பிறப்பது கலப்பினம். டேஞ்சலோ கலப்பால் பிறந்து ஒட்டால் பெருக்கப்படுவது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் என் மாணவர்கள் தேர்வில் தடுமாறுகிறார்கள்.

ஊட்டச்சத்துப் பகுதியையும் படித்தேன். ‘நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கிச் சளியைத் தடுக்கும்’ என்ற வரியை மாற்றுங்கள். வைட்டமின் சி பொதுவாகச் சளி பிடிப்பதைத் தடுப்பதில்லை. தொடர்ந்து எடுத்துக்கொள்வோருக்குச் சளி நீடிக்கும் காலம் சற்றுக் குறைகிறது, அவ்வளவுதான். உண்மையான நலன்களே போதுமானவை. ஆரஞ்சில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 53 மில்லிகிராம் வைட்டமின் சி, 47 கிலோகலோரி. டேஞ்சலோவையும் அதை ஒட்டியே கணக்கிடுகிறார்கள். தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஈர்ப்பதற்கு அந்த வைட்டமின் உதவுகிறது. ஃபோலேட்டும் பொட்டாசியமும் உண்டு. சாறாகப் பிழிந்தால் நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். சுளையாகத் தின்னச் சொல்லுங்கள்.

மருந்தாளுநர் எழுதியது:

ஐயா, நன்றி. சளி பற்றிய வரியை நீக்கிவிட்டேன். நீங்கள் சொன்ன கொடிவழிதான் என் கவலையும். பம்பளிமாஸிலும் கிரேப்ஃப்ரூட்டிலும் ஃபுரானோகுமரின்கள் என்ற பொருள்கள் இருக்கின்றன. சில மருந்துகளைக் குடல் சுவரிலேயே சிதைக்கும் நொதி ஒன்றை அவை செயலிழக்கச் செய்கின்றன. உடல் அந்த நொதியைப் புதிதாக உண்டாக்கும் வரை, மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் சேரும். ஒரு குவளைச் சாற்றின் விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துச் சாப்பிட்டாலும் பயனில்லை. 1989இல் கனடாவில் ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தை ஆராய்ந்தபோது, மதுவின் சுவையை மறைக்கக் கொடுத்த கிரேப்ஃப்ரூட் சாற்றால் இது தற்செயலாகத் தெரியவந்தது. டேஞ்சலோவும் இப்படிச் செய்யக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. எந்தக் கலப்பினம் எந்தப் பெற்றோரின் குணத்தை எவ்வளவு பெற்றிருக்கும் என்பது வகைக்கு வகை மாறும். ஆகவே பெயரிலேயே பம்பளிமாஸ் தெரிய வேண்டும். ‘ஆரஞ்சு’ என்று முடித்தால் ஆபத்து. ‘நரந்தம்’ என்றால் நாரத்தை என்று நினைப்பார்கள். ‘பம்பளிக்கமலா’ சரியாக வருமா?

தொகைநிலை எழுதியது:

நல்ல ஆக்கம். ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடசொல் வடவெழுத்தை நீக்கியே தமிழில் வரும் என்ற தொல்காப்பிய விதியைப் பிறமொழிக்கும் நீட்டினால், மாஸில் இருந்த ‘ஸ்’ உதிர்ந்தது நிகண்டன் ஐயாவுக்கும் உவப்பாக இருக்க வேண்டும். ஆனால் ‘க்’ எதற்கு? இரண்டு பெயரும் சமமாகச் சேர்ந்து மூன்றாவது பொருளைக் குறிப்பதால் இது உம்மைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை. ‘உயிர்மெய்’ என்பதை நினையுங்கள். அது உயிரும் அல்ல, மெய்யும் அல்ல, இரண்டும் கூடிப் பிறந்த எழுத்து. கலப்பினத்துக்கு இதைவிடப் பொருந்தும் இலக்கணம் கிடையாது. உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது: வெற்றிலைபாக்கு. ஆகவே ‘பம்பளிகமலா’.

எளியதமிழ் எழுதியது:

‘க்’ இல்லாமல் போட்டால் அச்சுக்கோப்பவர் இடைவெளி விடுவார். ‘பம்பளி கமலா சாப்பிடாதீர்கள்’ என்று வரும். படிப்பவர் இரண்டு பழங்களையும் விட்டுவிடுவார். கமலா என்ன பாவம் செய்தது? ‘க்’ இருந்தால்தான் ஒரே பழம் என்று தெரியும்.

தொகைநிலை எழுதியது:

அப்படியானால் பம்பளித் தன்மை கொண்ட கமலா என்று பண்புத்தொகையாகிவிடும். கலப்பு என்ற கருத்தே போய்விடும். அச்சுக்கோப்பவருக்காக இலக்கணத்தை வளைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

மருந்தாளுநர் எழுதியது:

ஒரே பழம் என்று தெரிய வேண்டும் என்பதால் ‘க்’கோடுதான் எழுதப் போகிறேன். ஒவ்வொரு பகுதியிலும் முதலில் வரும் இடத்தில் ‘பம்பளிக்கமலா என்னும் டேஞ்சலோ’ என்றும், பிறகு பம்பளிக்கமலா என்றும் எழுதிவிடுகிறேன். ஃபுரானோகுமரின் அப்படியே இருக்கட்டும். அதற்குத் தமிழ்ப்பெயர் நோயாளிக்குத் தேவையில்லை.

நிகண்டன் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். டச்சுச் சொல்லின் தலையையும் வடக்கத்திச் சொல்லின் உடலையும் சேர்த்துத் தமிழ் என்று அச்சிடுகிறீர்கள். அதுபோகட்டும், கிரேப்ஃப்ரூட்டுக்கு யாராவது பெயர் சொன்னீர்களா? டேஞ்சலோவைவிட அதிகம் பேர் குடிப்பது அந்தச் சாறுதானே? ‘கொத்துநாரத்தை’ என்று வைக்கலாம். காய்க்கும் விதமும் அதில் இருக்கிறது, குடும்பமும் இருக்கிறது. ஞாயிறு மாலைக்குள் மறுப்பு வராவிட்டால் அம்மா அதைச் சேர்க்க வேண்டும்.

பயிரியல் ஆசிரியர் எழுதியது:

மறுக்கிறேன். நாரத்தை வேறு பழம்.