குடலிறக்க அறுவை: 'பகுதி மயக்கம்' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். குடலிறக்க (ஹெர்னியா) அறுவையில் வலி தெரியாமலிருக்கச் செய்யும் மூன்று முறைகளையும் 'பொது மயக்கம்', 'பகுதி மயக்கம்', 'இட மயக்கம்' என்று வழங்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. தொடையிடுக்கில் ஊசி போட்டு, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, திறந்த முறையில், குடல் பிதுங்கும் இடத்தைத் தாங்கும் வலை வைத்துத் தைக்கும்போது, அது தாங்குகிறதா என்று பார்க்க மருத்துவர் நோயாளியையே "ஒருமுறை இருமுங்கள்" என்று கேட்பதுண்டு. சொன்னவுடன் இருமுகிறவரை மயக்கத்தில் இருப்பவர் என்று எப்படி எழுதுவது?

1846இல் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் முன்மொழிந்த 'அனஸ்தீசியா' என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தின்படி உணர்வின்மை என்பதே பொருள். தமிழில் மயக்கம் என்றாலோ நினைவு தப்புவதுதான் மனத்தில் படும். ஆகவே நினைவு போகும் முறையை மட்டும் 'முழுமயக்கம்' என்போம்; வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்து, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்குப் பெரும்பாலும் இதுவே தேர்வாகிறது. ஏனையவற்றுக்கு, கால் மரத்துப்போவதை அறிந்த எவருக்கும் விளங்கும் 'மரப்பு' போதும்: ஓரிடத்தில் மட்டும் என்றால் 'இடமரப்பு'.

'பகுதி மயக்கம்' என்று சொல்லப்படும், முதுகில் போடும் ஊசிக்குத்தான் சிக்கல். 'தண்டுவட மரப்பு' என்பது பார்வைக்குச் சரியாகத் தோன்றினாலும், பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே இறங்கி, அங்குள்ள நீரில் மருந்தைக் கலக்கிறது. தண்டுவடத்திலேயே குத்திவிடுவார்களோ என்று அஞ்சுகிறவருக்கு அந்தப் பெயர் அச்சத்தை உறுதிப்படுத்திவிடும். எனவே 'தண்டுநீர் மரப்பு' என்பது என் பரிந்துரை. முதுகில் போடும் இன்னொரு வகையான எபிடியூரலில், மருந்து தண்டுவடத்தையும் அந்த நீரையும் சூழ்ந்த உறைக்கு வெளியே நிற்பதால் அதை 'உறைப்புற மரப்பு' எனலாம், இரண்டும் குழம்பா.

'மரப்பு' குறையற்ற சொல் என்று நான் வாதிடவில்லை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வயிற்றில் வைத்து, மரத்துவிட்டதா என்று சோதிக்கும்போது குளிர்ச்சி தெரியாத இடத்திலும் பஞ்சு படுவது தெரியக்கூடும். அறுவையின்போது வலியில்லாமல் இழுப்பு மட்டும் உணரப்படுவதும் உண்டு. இதைச் சொல்லில் அடைக்க முயலாமல், விளக்கத்தில் ஒரு வரி சேர்ப்பதே நல்லது.

'மயக்கவியல் மருத்துவர்' வழக்கில் ஊன்றிவிட்டது. அதைத் தொட வேண்டாம். இடமரப்புடன் சேர்த்து, பதற்றம் தணியக் கொடுக்கும் மருந்தால் வரும் நிலைக்கு 'அரைமயக்கம்' என்பதை ஒதுக்கலாமா, அல்லது அதுவும் மிகையா? மருத்துவம் அறிந்தவர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.